இருநூற்றுப் பத்தொன்பதாவது கிக்

ட்ரம் ஒலிகளை அடுக்கி வைக்கவும், அவற்றைக் கோத்துத் தாளம் கட்டவும் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். அந்தப் பதில் எனக்கே சரியாகத் தெரியாது என்பது தொழில் ரகசியம். எங்கள் தீவில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. மைக், ஹெட்ஃபோன், பழைய கீபோர்டு விற்கிறேன். கணினியில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, அதோடு எப்படிப் பிழைப்பது என்றும் சொல்லித் தருகிறேன். கீழே யாராவது என்ஜினை முறுக்கிப் பார்த்தால் என் பாடம் அரை நிமிடம் நிற்கும்.

‘புதுசு’, ‘புதுசு ரெண்டு’, ‘இதுதான் கடைசி’ என்று கோப்புகளுக்குப் பேர் வைத்துவிட்டு, பிறகு தலையில் கை வைத்து உட்காரும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தொலைத்தது பெரும்பாலும் பாட்டாக இருக்கும், படமாக இருக்கும். நான் தொலைத்தது என் தம்பியின் குரலை. திருடன் வரவில்லை, வைரஸ் வரவில்லை. என் விரலால் ஒரு பொத்தானை அழுத்தி நானே தொலைத்தேன்.

எது நல்லது?

கல்யாண வீடுகளுக்கு டிஜேயாகப் போகும் நாதன் அண்ணன் என் முதல் வாடிக்கையாளர். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, மூச்சு வாங்க, “எது நல்ல சாஃப்ட்வேர்?” என்றார். திறந்து பார்த்தேன். ‘டும்’ என்று விழும் கிக் ஒலி மட்டும் ஆயிரக்கணக்கில் வைத்திருந்தார். எல்லாம் கண்ட இடத்தில் இறக்கியது. அவர் வாசித்த கல்யாணங்களில் எல்லாம் கேட்டது அதில் மூன்றே மூன்றுதான்.

“அண்ணே, எதுக்காக வேணும்? தேடுறதுக்கா, அடுக்குறதுக்கா, தாளம் கட்டுறதுக்கா? வீட்டுல செய்வீங்களா, மேடையிலயா?” என்று வரிசையாகக் கேட்டேன். கடைசியில் எரிச்சலோடு சொன்னார்: “தலைவலிக்கு மருந்து கேட்டா தலை எதுக்குன்னு கேக்குறியே தங்கச்சி, ஏதாச்சும் ஒண்ணு குடு லா!”

மிருகங்கள்

என் தம்பி சரவணனுக்கு ஜுருவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் உறுமி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் காவடிகளுக்கு முன்னால் அவன் குழு வாசித்துக்கொண்டு போனால், கூட்டத்தில் எனக்கு அவன் அடி மட்டும் தனியாகக் கேட்கும். அக்காக்காரியின் காது அப்படி.

ஒலியைக் கேட்டுத் தானாகவே வகை பிரிக்கும் மென்பொருள் ஒன்று புதிதாக வந்திருந்தது. சோதித்துப் பார்க்க அவனையே கூப்பிட்டேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து, உறுமியை ஒருமுறை நன்றாக உறும விட்டான். மென்பொருள் யோசித்தது. யோசித்து, அந்த ஒலியை ‘மிருகங்கள்’ என்ற அறையில் கொண்டுபோய் வைத்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த மென்பொருளை நான்கு பேருக்குப் பரிந்துரை செய்திருந்தேன். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்: “சரியாத்தானே கா சொல்லுது, தோலு ஆட்டோடதுதானே!”

பேர் சொல்லி அடி

வெள்ளைக்காரன் மென்பொருளில் நம் வாத்தியம் இல்லை என்று புலம்புவதைவிட நாமே பதிவு செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பட்டறைக்கு அன்று விடுமுறை. ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்து, கடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் கடையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதன் பேரை வாயால் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். பிறகு கோப்புக்குப் பேர் வைக்கும்போது குழப்பம் வராது. “உறுமி. இடது. மெல்ல. மூணு.” பிறகு ஒரு அடி. “உறுமி. இடது. மெல்ல. நாலு.” பிறகு ஒரு அடி.

அவனுக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு வரிசையையும் தொடங்கும் முன் “போலாம்!” என்று கத்துவான். அதுவும் மைக்கின் மேல் வாயை வைத்துக்கொண்டு. ‘ப’ என்று சொல்லும்போது வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதினால் ட்ரம் அடித்த மாதிரியே விழும். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அது ஆகாது. தள்ளி உட்கார், தள்ளி உட்கார் என்று மூன்று வாரமும் திட்டினேன். ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அப்போது அவன் மனைவி கவிதா முழுகாமல் இருந்தாள். பிறக்கப் போகிறதுக்கு உறுமி வாசிக்கக் கற்றுத் தருவாயா என்று கேட்டேன். உதட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: “மொத இந்தப் பேரு சொல்ற வேலைக்கு வேற ஆள் பாரு கா. கை வலிக்கல, வாய்தான் வலிக்குது!”

சுத்தம்

சேர்ந்தது மணிக்கணக்கான பதிவு. ஒவ்வொரு அடியையும் கையால் வெட்டி, பேர் வைத்து, அடுக்க எனக்கு ஒரு மாதமாவது ஆகும். அந்த வாரம்தான் வேறொரு மென்பொருள் கைக்கு வந்தது. நீளமான பதிவைக் கொடுத்தால் போதும். நடுவில் உள்ள மௌனத்தை வெட்டி, அடிகளைத் தனித்தனியாகப் பிரித்து, கிக், ஸ்நேர் என்று ட்ரம் வகைகளாக்கித் தானே எண் போட்டு அடுக்கிவிடும். கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘தாள ஒலி அல்லாதவற்றை நீக்கு.’ ‘மூலப் பதிவை அழித்து இடத்தை மிச்சப்படுத்து.’

மூலப் பதிவை எக்காலத்திலும் அழிக்காதீர்கள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வேதம் ஓதுகிறவள் நான். ஆனால் கணினியின் வட்டு நிரம்பியிருந்தது. இரண்டு கட்டங்களிலும் சரி போட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சரவணனைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். முதல் கொஞ்சத்தை வரிசையாகத் தட்டிக் கேட்டான். அடி, அடி, அடி. இடையில் ஒரு சொல் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டான்: “நான் ஒளறுனதெல்லாம் போயிருச்சா? நல்ல வேள கா!”

கை

அதற்கு அடுத்த மாதம் சரவணனுக்கு டெங்கி வந்தது. ஆறே நாள். குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

கடையைத் திறந்தேன், திறக்காமல் என்ன செய்வது? உறுமி ஒலிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தேன். என்னால் மட்டும் அவற்றைக் கேட்க முடியவில்லை. யாராவது தட்டிப் பார்த்தால் படியில் போய் நின்றுகொள்வேன். சாப்பாட்டுக் கடைகளுக்கு விளம்பர இசை செய்யும் யூசுப் பாய் ஒருநாள் வந்தார். என்னைப் படியிறங்க விடாமல், “இரும்மா, இதக் கேளு” என்று ஒரு அடியைத் திரும்பத் திரும்பத் தட்டினார். நல்ல ரசிகர். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்: “அல்லா, என்னா கை! இந்த ஆள நேர்ல பாக்கணும்மா, எங்க இருக்காரு?”

கவிதா வந்தாள்

குழந்தை யாழினிக்கு இரண்டு வயது ஆனபோது கவிதா கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சரவணனின் கைபேசிக்குக் கடவு எண் யாருக்கும் தெரியாது. தெரிந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்ததில் அது தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. அவன் குரல் செய்தி அனுப்புகிற ஆளும் இல்லை. தொழிற்சாலை இரைச்சலில் எதற்கு என்று எழுத்தில்தான் அனுப்புவான். கல்யாண வீடியோவில் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். அவன் தாலி கட்டுகிறான், சிரிக்கிறான், வாயசைக்கிறான். ஒன்றும் கேட்காது.

“பாப்பா ஃபோட்டோவக் காட்டி அப்பா எப்படிப் பேசுவாருன்னு கேக்குது அண்ணி. நீங்க ரெக்கார்டிங் பண்ணீங்களே, ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி பேசச் சொல்றாங்கன்னு வீட்டுல வந்து கொறப்பட்டுக்குவாரே.” கட்டத்தில் சரி போட்ட கதையைச் சொன்னேன். தலைகுனிந்துகொண்டுதான் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் கேட்டது இதுதான்: “நான் பாட்டு கேக்கல அண்ணி. ஒரு வார்த்தகூடவா இல்ல?”

பழைய வீடு

அன்றிலிருந்து நானே வாடிக்கையாளர் ஆனேன். அழிந்ததை மீட்கும் மென்பொருள் எது நல்லது என்று என்னைப் போன்றவர்களிடம் போய் நின்றேன். ஒவ்வொருவரும் எதுக்கு, என்ன வட்டு, எவ்வளவு நாள் ஆச்சு என்று என்னிடமே கேள்வி கேட்டார்கள். நாதன் அண்ணன் பட்ட எரிச்சல் எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாங்கிப் போட்டுப் பார்த்ததில் யார் யாருடைய கல்யாணப் பாட்டெல்லாமோ மீண்டு வந்தது. அவன் வரவில்லை.

ஜார்ஜ் டவுனில், தொலைந்ததை மீட்டுக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு சீனரிடம் வட்டைக் கொண்டுபோனேன். இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார். இரண்டு வருடமாக அதே வட்டில் நான் தினமும் வேலை செய்திருக்கிறேன். அழிந்த இடத்தில் எல்லாம் புதுக் கோப்புகள் குடியேறிவிட்டன. மனிதர் கூலி வாங்கவில்லை. வட்டை இரண்டு கையாலும் நீட்டி, மலாயில் மெதுவாகச் சொன்னார்: “பழைய வீட்டை இடிச்சுட்டு அதே இடத்துல புது வீடு கட்டிட்டீங்க அக்கா. பழைய ஜன்னல எங்க போய்த் தேட?”

புகார்

இன்னும் ஒரு வருடம் போயிற்று. நாதன் அண்ணன் மறுபடியும் படியேறி வந்தார். இந்த முறை கேள்வி இல்லை, புகார். நான் கொடுத்த உறுமித் தொகுப்பிலிருந்து புது கிக் எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். உறுமியின் கனமான இடது அடிகளையெல்லாம் அந்த மென்பொருள் கிக் என்றுதான் அடுக்கியிருந்தது. மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றைத் தாண்டிப் போயிருக்கிறார்.

நான் வழக்கம்போல் எழுந்து படிப்பக்கம் நகர்ந்தேன். அவர் தட்டினார். அரை விநாடி. ‘ப’ என்று காற்று மைக்கில் மோதும் சத்தம், அதன் பின்னால் ஒரு சொல், கடைசி ‘ம்’ பாதியில் அறுந்து. போலாம். திட்டத் திட்ட அவன் மைக்கில் வாயை வைத்துக்கொண்டு கத்திய நூற்றுக்கணக்கான ‘போலாம்’களில் ஒன்றை அந்த இயந்திரம் ட்ரம் என்று நினைத்துக் கிக் வரிசையில் வைத்திருந்தது. மூன்று வருடமாக என் மேசையில், அவன் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறான். நான் அழிந்ததைத்தான் தேடினேன். இருந்ததைக் கேட்கத் தைரியம் இல்லாமல் படியில் போய் நின்றுகொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாதன் அண்ணன் திரும்பவில்லை. “எரநூத்துப் பத்தொம்போதாவது கெட்டுப்போச்சு தங்கச்சி, யாரோ பேசுறான். அழிச்சிடவா?”

செருப்பு

அழிக்க விடவில்லை. மறுநாள் காலையில் தீவிலிருந்து பாலம் தாண்டி கவிதா வீட்டுக்குப் போனேன். மற்ற கிக்குகள் அத்தனையையும் அதற்குள் உட்கார்ந்து கேட்டிருந்தேன். வேறு சொல் இல்லை. இவ்வளவுதான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மடிக்கணினியை மேசையில் வைத்துத் தட்டினேன். கவிதா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை என்றாள். அவர்தான் என்றாள். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, அவளே தட்ட ஆரம்பித்தாள். போலாம். போலாம். போலாம்.

யாழினி உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்து, அழுதுகொண்டிருந்த எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். நேராக வாசலுக்குப் போய், செருப்பைத் தேடி எடுத்து, இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, கிரில் கதவைப் பிடித்தபடி திரும்பினாள்: “நான் ரெடிம்மா. யாரு கூப்டுறது?”

இப்போதும் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டுத்தான் வருகிறார்கள். கொஞ்சம் தப்புச் செய்கிறதாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்கிறேன், அவர்களும் தலையாட்டிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.