மருந்து கேட்கிற வரைக்கும்

அப்பாவிடம் எனக்குப் பொறுமை போய்ப் பல மாதம் ஆகிறது. ஆனால் இந்தத் தடவை கோபம் அவர்மேல் மட்டும் இல்லை.

எழுபத்தாறு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளில், தாம்பரத்து டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கோர்ஸ் எத்தனை நாள் சார்?" மருந்தென்றால் ஐந்து நாள் கோர்ஸ், மிஞ்சினால் பத்து நாள் என்றே வாழ்ந்தவர். டாக்டர் அடுத்தவரின் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "மருந்து கேக்கற வரைக்கும் போடணும் பெரியவரே" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தாவது மாதம் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. "மருந்து நல்லா கேக்குது" என்று டாக்டர் முதுகில் தட்டினார். அவ்வளவுதான். செம்பாக்கம் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தார். மாத்திரைக்கு விடைகொடுக்கும் விழா அது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மூன்று வாரம் கழித்து மாத்திரை டப்பாவைத் திறந்தால், அட்டை பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது.

"என்னப்பா இது?"

"அதான் கேட்டுடுச்சே. கேக்கற வரைக்கும்னுதானே சொன்னார்?"

கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கத்தும்போதே உறைத்தது, அவர் சொல்வதில் தப்பே இல்லை. காய்ச்சல் மருந்தைக் கேட்கிற வரைக்கும்தான் போடுகிறோம், கேட்டதும் நிறுத்துகிறோம். அதே வார்த்தையை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த நான் ஒரு நாளாவது விளக்கியிருக்கிறேனா?

மறுநாளே ரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் இழுத்துப்போனேன். நோயின் அளவு ஏறியிருந்தது. திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார். இந்தத் தடவை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "எது வரைக்கும்னு அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"கேட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும்மா. சிலருக்கு இத்தனை மாசம்னு கணக்கு உண்டு. இவருக்கு முடிவு தேதி கிடையாது."

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா?

திரும்பும் ஆட்டோவில், கேம்ப் ரோடு சிக்னலில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அப்போ, நிறுத்திடலாம்னு அவர் சொல்ற அன்னிக்குத்தான் நான் பயப்படணும். இல்லம்மா?"

"பேசாம வாங்கப்பா."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நீட்டினேன். மறுபேச்சில்லாமல் விழுங்கினார். டம்ளரைத் திருப்பித் தரும்போது என் முகத்தையே பார்த்தார்.

"நாளைக்கும் உண்டில்ல?"

"உண்டுப்பா" என்றேன்.