வெட்லாக் என்றால் பூட்டு என்ற தணிகாசலம் சார்

தணிகாசலம் சார் இன்று காலை சித்தூரில் இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்.

புத்தூரில் டிகிரி படிக்கும்போது எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர். காலேஜ் குரூப் முழுக்கக் கும்பிடும் கைகள்தான்... "எத்தனை குடும்பத்தைச் சேர்த்து வைத்த மனுஷன்" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள்.

என்னையும்தான் சேர்த்து வைத்தார்.

தன் அக்கா மகனுக்கு என்னைப் பேசி முடித்தவரே அவர்தான். ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை, நல்ல பையன் என்றார். கல்யாணமான முதல் வருஷமே அந்த நல்ல பையன் என் மணிக்கட்டை உடைத்தான்.

கட்டுப் போட்ட கையோடு புத்தூருக்கு, அம்மா நைனா வீட்டுக்கு வந்தேன். சார் வீடு தேடி வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நைனாவை வைத்துக்கொண்டே கேட்டார்.

"கல்யாணத்துக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரும்மா? வெட்லாக். லாக்குன்னா பூட்டு. நீ பாட்டுக்குத் தொறந்துக்கினு வந்துட்டா எப்டி?"

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றே நைனா என்னை பஸ் ஏற்றிக் கொண்டுபோய் அங்கேயே விட்டார்... வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். ஒருநாள் கட்டிய புடவையோடு திருப்பதிக்கு ஓடி வந்தேன். அலிபிரி பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில்.

அந்த வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. லைப்ரரியில் பெரிய டிக்‌ஷனரியைப் புரட்டினேன்.

பூட்டே இல்லை! பழைய இங்கிலீஷில் 'வெட்' என்றால் கொடுத்த வாக்கு. 'லாக்' வெறும் விகுதி, ஒரு செயலைக் குறிப்பது. அவ்வளவுதான்.

பிறகு காணிப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தி முடிந்து எழுந்தவரின் எதிரில் போய் நின்றேன்.

"சார், வெட்லாக்ல இருக்கிறது பூட்டு இல்ல. வாக்கு. அத்த ஒடச்சது உங்க அக்கா புள்ள."

கை கழுவிக்கொண்டே சிரித்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா? இத்தினி வருசம் பாடம் எடுத்தவன். அன்னிக்கு நீ திரும்பிப் போவணும். அதுக்குச் சொன்னேன்."

தெரிந்தே சொல்லியிருக்கிறார்...

அதை நைனாவிடம் சொன்னேன்.

சற்று முன் நைனா போன் செய்தார். "சாவுக்கு வர்றியாம்மா?"

"வரல நைனா."

"நானும் போவல" என்றார்.

போய் வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, சார்.

போங்கள்.