ஒரு மூடித் தண்ணீர்

அப்பாவைத் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் இப்போது எனக்கு முழுநேர வேலை. குடிக்காவிட்டால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ டம்ளரைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்கிறார். பிடிவாதத்தில் நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. ஆனாலும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் மாமா இறந்த செய்தியைச் சொன்ன நாளிலிருந்து இப்படி. மாமா உறவுக்காரர் இல்லை, விமானப்படையில் அப்பாவோடு பறந்தவர். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். உட்கார்ந்ததும் இருவரும் பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் மூடி வாசல் செம்பருத்திக்கு, பிறகுதான் ஆளுக்கொன்று.

"கேன் தண்ணிய செடிக்கு ஊத்துறீங்களே, ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். மாமா என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். வங்கதேசப் போரின்போது அவர்கள் விமானம் கடலில் இறங்கியது. ரப்பர் படகில் மூன்று பேர், ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. இருந்த கொஞ்சத் தண்ணீரை மூடியால் அளந்தார்கள். அடிபட்டவருக்குத்தான் முதல் மூடி. மறுநாளே அவர் இறந்துவிட்டார். அவர் குடிக்காமல் தானும் குடிக்கமாட்டேன் என்று அரைமயக்கத்தில் கிடந்த அப்பா அடம்பிடித்தார்.

"'அவன் குடிச்சுட்டான்டா, நீ குடி'ன்னு பொய் சொன்னேன். கப்பல் வர்ற வரைக்கும் அதையேதான் சொன்னேன். அவன் கடைசி வரைக்கும் குடிச்சான்னுதான் உங்கப்பா நெனச்சுட்டிருக்கான். சொல்லிடாதேம்மா."

நேற்று எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த மூடியைத் தேடி எடுத்து, அப்பா பார்க்கும்படி செம்பருத்திக்கு ஊற்றினேன். மறுபடி நிரப்பி அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"அவர் குடிச்சுட்டார்ப்பா. இப்ப நீங்க குடிங்க."

அப்பா என்னையே பார்த்தார்.

"உங்க மாமா மாதிரியே சொல்றியேம்மா. படகுலயே எனக்குத் தெரியும், அடிபட்டவன் செத்துட்டான்னு. தெரிஞ்சுதான் குடிச்சேன். அப்ப எனக்கு உயிரோட இருக்கணும்னு இருந்துச்சு."

மூடியை என் பக்கம் தள்ளினார்.

"நீ குடிம்மா."

அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.