ஓடத் தெரிந்தவளுக்கு ஒதுக்கிய அறை

காலை ஒன்பது மணிக்கு விருதுநகரில் சிவகாசிப் பேருந்து ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆமத்தூர் தாண்டியதும், நூறு மீட்டர் ஓட்டத்தில் தேசிய சாம்பியனான மாரீஸ்வரியைப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவருக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவள் தங்கம் வாங்கிய அன்று மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று பின்னால் புரியும்.)

பதினோரு மணிக்கு, நாரணாபுரம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனி வாசல். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். எதிரே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் விரலெல்லாம் அலுமினியப் பொடி.

"இவளுக்கு எந்த ரூம் குடுத்திருக்கேன் தெரியுமாண்ணே? வெடிமருந்து செலுத்துற ரூம். தீப்பொறி தட்டுனா வெளிய ஓடணும்லா? மத்தவுக தடுமாறுவாக. இவ இந்தியாவுக்கே மொதல்ல ஓடுனவ!"

அவர் கேலி செய்யவில்லை. மனதார மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வாசலுக்குத் திரும்பியதும், "சாப்பிட்டீகளாண்ணே?" என்று டிபன் பாக்ஸைத் திறந்தாள். இடது காலை மடக்காமல் நீட்டியே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"முட்டிச் சவ்வு கிழிஞ்சு நாளாச்சு. ஆபரேஷன் செஞ்சா ஓடலாம்னாக. மாலை போட்டவுக ஒருத்தரும் அப்புறம் போனை எடுக்கல. இப்ப வெரசா நடந்தாலே மடங்கிரும்."

"ஃபோர்மேன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா பேக்கிங்குக்கு மாத்துவாக. சீசன் முடிஞ்சா மொதல்ல வேலையவிட்டு நிப்பாட்டுறது பேக்கிங் ஆளுகளத்தான். நீங்களும் வாயைத் தொறந்துராதீக."

ஒரு மணிப் பேருந்து வந்தது. ஓடிப்போய் ஏறிய பிறகுதான் தண்ணீர் பாட்டிலை மரத்தடியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஓடிப்போய்க் குடுத்துட்டு வாத்தா! ஒனக்கு இதெல்லாம் ஒரு தூரமா?" என்று வாசலிலிருந்து ஃபோர்மேன் குரல் கொடுத்தார்.

இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். பாட்டிலை உயர்த்திக் காட்டி, "எனக்குத் தாகமா இருக்குண்ணே, நானே வச்சிக்கிடுதேன்!" என்று சிரித்தாள். ஃபோர்மேனும் சிரித்தார். பேருந்து கிளம்பிவிட்டது.

அந்த அறையில் அவள் உட்காரும் இடத்திலிருந்து கதவு எவ்வளவு தூரம் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.