முப்பத்திரண்டு பேருக்கு ஒரே நம்பர்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதுவும் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அம்மாவோடு கொழுந்துக் காடு. இன்றைக்குக் குன்னூரில் எனக்கு மாடி வீடு இருக்கிறது. ஏழு ஏக்கர் தேயிலை இருக்கிறது. சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ப் போட மூன்று பிக்கப் வண்டி ஓடுகிறது. பர்லியாரிலிருந்து ஊட்டி வரைக்கும் எங்கே நின்று இலை ஏஜென்ட் என்று கேட்டாலும் என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எவன் கையையும் பிடித்து நான் மேலே ஏறவில்லை.

அப்படிப்பட்ட நான், போன கோடையில் ஒரு பேங்கு பெஞ்சில் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்து, ஒரு பொம்பளையின் சொந்தக் காசை அவள் கையில் எடுத்துக் கொடுக்க முடியாமல் எழுந்து வந்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோயமுத்தூரில் பி.காம். படிக்கிறாள். கோடை லீவில் ஒரு பேங்கில் ஆறு வாரம் வேலை பழக வேண்டும், மேனேஜரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, என்ன செய்தோம் என்று ஒரு ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். இன்டர்ன்ஷிப் என்று பெயர். சம்பளம் கிடையாது.

"எந்த பேங்குன்னு மட்டும் சொல்லு அம்மிணி. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன்.

"வேண்டாங்க அப்பிச்சி. நானே கம்ப்யூட்டர்ல போட்டு வாங்கிட்டேன். நீங்க கணக்கு வெச்சிருக்கற பேங்குதான்."

"அப்படிச் சொல்லு! என் பேரைப் பார்த்துத்தான் குடுத்திருக்கறாங்க."

"உங்க பேரு அதுல எங்கயுமே இல்லீங்க அப்பிச்சி" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு வாரம் எங்கள் வீட்டில் தங்கித்தான் பேங்குக்குப் போனாள். முதல் வாரம் ஏதோ ஒரு சாக்கில் நானும் தினம் போனேன். டோக்கன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பணம் எடுக்கிற சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம் என்று எனக்கு ஆறவில்லை.

"சீட்டெழுதறதுக்கா பி.காம்.?"

"இங்க அதுதானுங்க பெரிய வேலை. வரிசையைப் பாருங்க."

வரிசையில் பாதிப்பேர் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிற ஆட்கள். நான் பிறந்ததும் அதே லைன்தான். இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இனிமேல் சம்பளம் கையில் கிடையாது, பேங்கில்தான் விழும் என்று எஸ்டேட்டில் சொன்னபோது லைனில் இருந்த பொம்பளைகள் பயந்துவிட்டார்கள். அவர்களை என் பிக்கப்பில் நாலு நடை ஏற்றி வந்து, ஒரே பகலில் முப்பத்திரண்டு பேருக்கு அக்கவுண்ட் திறந்து கொடுத்தவன் நான். அன்றைய மேனேஜர் எழுந்து நின்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு குன்னூரில் கிடையாது.

இரண்டாவது வாரம் அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி வந்தாள். என் தங்கச்சி வயது, எங்களுக்குப் பக்கத்து லைன் வீடு. நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளி அந்த மாதம்தான் ரிட்டையர் ஆகியிருந்தாள். சர்வீஸ் பணம் மொத்தமும் அக்கவுண்டில் விழுந்துவிட்டது என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரிட்டையர் ஆனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்கு ஜூன் கடைசி வரைக்கும் நேரம். மார்க்கெட் பக்கம் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தாள். அட்வான்ஸ் கொடுத்தால் சாவி. கொடுக்காவிட்டால் கூடலூர் தாண்டி ஓவேலியில் இருக்கிற மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மருமகனுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"பாப்பா, எங்காசை எடுத்துக் குடு சாமி. அவன் ஊட்டுச் சோத்துல நான் கை வெக்க மாட்டேன்" என்றாள் என் பேத்தியிடம்.

"கவலையே வேண்டாம், நம்ம புள்ள இருக்குது" என்று நான் பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தேன்.

பேத்தி உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கவுண்ட் பூட்டிக் கிடந்தது. விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு வருஷமாகப் போனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. யாரும் வராததால் அந்த மாதம் பூட்டிவிட்டார்கள். பணம் உள்ளே போகும், வெளியே வராது. திறக்க வேண்டுமானால் அந்தப் போனுக்கு வருகிற ஓடிபி வேண்டும், இல்லாவிட்டால் மெஷினில் கைரேகை விழ வேண்டும்.

"எனக்கு ஏது பாப்பா போனு?" என்றாள் அவள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். பூட்டின அக்கவுண்ட்களைத் திறக்க வைப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எழுத்துதான் எனக்குத் தகராறு, எண் நன்றாக வரும். ஐம்பது பேருடைய இலைக் கிலோவை மனதிலேயே வைத்திருப்பவன். தாளில் ஒரே நம்பர் வரிசையாக இறங்கிக்கொண்டே போனது, முப்பத்திரண்டு தடவை.

"இது யாரு நம்பருன்னு தெரியுதுங்களா அப்பிச்சி?"

தெரியாமல் என்ன. அன்றைக்கு ஃபாரத்தில் போன் நம்பர் கட்டம் வந்ததும், இவர்களுக்கு ஏது போன், என் நம்பரைப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே எண் நாலு தடவை வருகிற மாதிரி ஒரு ஃபேன்சி நம்பர் காசு கொடுத்து வாங்கினேன். பழைய சிம்மைப் பல்லால் கடித்து, இரண்டாக ஒடித்துக் கடை வாசலிலேயே எறிந்தேன்.

"கூப்பிட்டுப் பாரு" என்றேன்.

மணி அடித்தது. என் பழைய நம்பரை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். எடுத்தவன் இந்திக்காரன். பேத்தி பள்ளிக்கூட இந்தியில் தட்டுத் தடுமாறிப் பேசினாள். பேங்கு மெசேஜ் தினம் வருகிறது, எல்லாம் ஏமாற்று வேலை என்று அழித்துவிடுகிறேன் என்றானாம். ஒரே ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள் அண்ணா என்று அவள் கேட்டதும் அவன் சிரித்தது எனக்கே கேட்டது.

"என்ன சொல்றான்?"

"இப்படித்தான் எல்லா திருடனும் கேப்பான்னு சொல்றானுங்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. மறுபடி அடித்தோம், போகவில்லை.

மிச்சம் இருந்தது கைரேகை. லைன் ஆட்களை மறுபடி என் பிக்கப்பிலேயே ஏற்றி வந்தேன். சின்ன வயதுக்காரிகள் பலருக்கு விழுந்துவிட்டது. தங்கள் பிள்ளைகளின் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரிட்டையர் ஆனவளுக்கோ பத்து விரலுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. பேத்தி ஈரத் துணியால் துடைத்தாள், எண்ணெய் தடவினாள், அவள் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழ என்று இருந்தது.

"நாப்பது வருசம் எஸ்டேட்டுக்குக் குடுத்த வெரலு பாப்பா. பேங்குக்கு மிச்சம் வெக்கலை" என்றாள் அவள். வரிசை முழுக்கச் சிரித்தது.

"அந்த மெஷினுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுங்க ஏஜென்ட்டே" என்று பின்னாலிருந்து ஒருத்தன்.

வாட்ச்மேன்தான் விஷயம் தெரிந்தவர். குளிருக்கு விரல் சுருங்கியிருக்கும், சூடு காட்டிவிட்டு வையுங்கள் என்று ஒரு டம்ளர் டீயை அவள் கையில் கொடுத்தார். வைத்தாள். சிவப்பு.

நான் மேனேஜர் ரூமுக்குள் போய்விட்டேன். "இவ பொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் சொல்றேன், இவதான் அவ. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"ஐயா, உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியணுமே" என்றார். என் பேத்தியை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். திட்டவும் முடியவில்லை. அந்த ஆள் நல்லவர்.

வெளியே வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "அட்வான்ஸ் எவ்வளவு? நான் குடுக்கறேன், பின்னால பார்த்துக்கலாம்."

"உங்க காசு எனக்கெதுக்குங்கண்ணா? எங்காசு எங்க?"

இத்தனை வருஷத்தில் என் சட்டைப்பையை வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

ஊட்டியில் ஆதாருக்குக் கண்ணையும் விரலையும் புதிதாகப் பதிகிற இடம் இருக்கிறது என்றார்கள். சீசன் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. அங்கேயும் டோக்கன். ஒரு கண்ணில் பொரை, இன்னொரு கண்ணை மூன்றாவது தடவை மெஷின் எடுத்துக்கொண்டது. பேத்தி எழுந்து நின்று கை தட்டினாள். பதிவாகி பேங்குக்கு வந்து சேர நாளாகும் என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். அது எங்கள் கையில் இல்லை என்றார்கள்.

கடைசி வாரமும் வந்தது. பேத்தி தினம் காலையில் முதல் வேலையாக அந்த அக்கவுண்டைத்தான் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்து, கேக் வெட்டினார்கள். அக்கவுண்ட் பூட்டியபடியே இருந்தது. கேக்கைத் தொடாமல் வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள்.

"ஏன் பூட்டுச்சுன்னு காரணம் எழுதோணுங்க அப்பிச்சி."

"என்ன எழுதியிருக்கறே?"

தமிழில் சொன்னாள். கணக்குத் திறந்த அன்று ஒரு ஏஜென்ட் எல்லாருக்கும் தன் நம்பரைக் கொடுத்தார். பிறகு அந்த நம்பரை மாற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

"பேரு போட்டிருக்கறயா?"

"இல்லீங்க."

மூன்று வண்டியிலும் முன்னாலும் பின்னாலும் என் பெயரைப் பெயின்டில் எழுதி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு என் பெயர் இல்லை என்றதும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததே என்று அதற்கப்புறம் வெகுநேரம் சங்கடமாக இருந்தது. போடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் முடிந்தது. மார்க்கெட் ரூமுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். அவளுடைய கட்டிலையும் பாத்திர மூட்டையையும் என் பிக்கப்பிலேயே ஏற்றி ஓவேலிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். மருமகன் வாசலுக்கு வரவில்லை. "பாப்பா மேல தப்பு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருங்கண்ணா" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது திங்கள்கிழமை தோறும் கூடலூர் வந்து, ஊட்டி வந்து, பஸ் மாறி மாறி வருகிறாள். நான் முன்னாலேயே போய் டோக்கன் எடுத்து வைக்கிறேன். மடக்கு நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். ஊட்டியில் பதிந்தது இன்னும் வந்து சேரவில்லை, இருந்தாலும் ஒரு தடவை விரலை வைத்துப் பாருங்கள் என்கிறார் மேனேஜர். வாட்ச்மேன் டீ கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் அதைக் குடிப்பதில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆறிப் போயிரும், குடி" என்றேன் போன வாரம்.

"நம்ம நம்பரு வரட்டுங்கண்ணா" என்றாள்.