சுவீடனில் சாவு, எங்கள் தெருவில் துக்கம்

சினிமாவில் இருந்தும் முகம் காட்டாதவன் நான். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பது என் பிழைப்பு. அதிலும் சுவீடன் நாட்டு நடிகர் ஒருவருக்கு இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் குரல். அவர் பாதிரியாராக வந்தால் நான் பாவமன்னிப்புக் கொடுப்பேன். கப்பல் முதலாளியாக வந்தால் நான் கூலிக்காரர்களைக் காய்ச்சி எடுப்பேன். இப்படி ஒட்டிக்கொண்ட நடிகரை 'என் ஆளு' என்று சொல்வது டப்பிங் கூடத்து வழக்கம். "நாளைக்கு என் ஆளு படம் இருக்கு" என்றால் அங்கே எல்லோருக்கும் விளங்கும்.

மனைவி புதுச்சேரிப் பக்கம் நெட்டப்பாக்கத்துக்காரி. அவள் இறந்த பிறகு சென்னை வாடகையை யாருக்காகக் கட்டுவது என்று பாகூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளை குட்டி கிடையாது. இந்த ஊருக்கு நான் 'மெட்ராஸ் சார்'. "சாப்ட்டாச்சா சார்?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டவரின் வண்டி தெருமுக்கு திரும்பியிருக்கும். குறை சொல்வதற்கில்லை, அவரவர் வேலை அவரவருக்கு. ஆனால் குரலை விற்றுப் பிழைத்தவன் நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடப்பது சாதாரணத் தண்டனை இல்லை. நான் குக்கரோடு பேசுவேன். அது மூன்று விசிலோடு பேச்சை முடித்துக்கொள்ளும். பெரிய ஆசை எதுவும் எனக்கு இல்லை. என் வீட்டுக்குள் இன்னொரு மனிதர் உட்கார்ந்து பேச வேண்டும், மறுபடி ஒரு நாள் வர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நடிகருக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது. எனக்கோ அவருடைய இருமல் கூட மனப்பாடம். வயது ஏற ஏற, நீளமான வசனத்தின் நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு மூச்சு திருடுவார். நானும் அதே இடத்தில் திருடுவேன். கடைசியாக வந்த படத்தில் அந்தத் திருட்டு அதிகமாகிவிட்டது. "நீங்க ஏன் சார் மூச்சு வாங்கறீங்க? மளமளன்னு பேசுங்க" என்றார் டப்பிங் இயக்குநர். வாங்குவது நானில்லை, அவர் என்றேன். அன்றைக்கு ராத்திரியே அவர் உடம்புக்கு என்ன என்று நெட்டில் தேடினேன்.

ஒரு நாள் காலையில் போனில் செய்தி வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து படித்தவன் அங்கேயே அழுதுவிட்டேன். மனைவிக்குப் பிறகு நான் அப்படி அழுததில்லை. எதிர்வீட்டம்மா கோலப்பொடிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னா சார், இன்னா ஆச்சி?"

"என் ஆளு செத்துட்டாரும்மா."

வாய் தவறிச் சொன்னதுதான். டப்பிங் கூடத்தில் 'ஆளு' என்றால் வேறு. இந்தத் தெருவில் 'என் ஆளு' என்றால் ரத்த சொந்தம்.

"அடக் கடவுளே! எந்த ஊர்ல?"

"சுவீடன்ல."

வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தேகம் தட்டியிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்தப் பக்கத்திலோ தெருவுக்கு ஒருவராவது பிரான்சில் இருக்கிறார். சாவுச் செய்தி அங்கிருந்து வருவதும், இங்கே பந்தல் போடுவதும் பழகிப்போன விஷயம். "பிரான்சு பக்கந்தான?" என்றாள். பக்கம்தான் என்று தலையாட்டினேன். "எழுந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கோண்ணா. சேதி வந்த வூட்ல அடுப்பு பத்த வெக்காத, நான் எடுத்தாரேன்" என்று போய்விட்டாள். வந்த இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் சாரிலிருந்து அண்ணன் ஆனேன்.

குளித்துவிட்டு வந்தால் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவள் புருஷன் ஒன்றில், மளிகைக்கடை பாய் ஒன்றில். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தெருக்காரர்கள் இன்னும் சிலர் சுவரோரம் நின்றார்கள். இட்லியும் காபியும் வந்தன. மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். செத்தவருக்காகவா, வந்தவர்களுக்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

துக்க வீட்டுக்கென்று சில கேள்விகள் உண்டு. "வயசு இன்னா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். எண்பதைத் தாண்டியவர் என்றேன். "ஒடம்புக்கு இன்னா?" மூச்சுத் திணறல். "கடசியா எப்பப் பேசினீங்க?" என்று பாய் கேட்டபோது காபி டம்ளரை எடுத்துக்கொண்டேன். செத்தவர் பேசி நான் கேட்டிருக்கிறேன், நான் பேசி அவர் கேட்டதில்லை.

"போட்டோ இருக்கா?"

போனை நீட்டினேன். எதிர்வீட்டுக்காரர் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல நெறம்" என்றார். பாய் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "சார், இவரு வெள்ளக்காரரு."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடிகர், நான் அவருக்குத் தமிழ்க் குரல், பார்த்ததில்லை, பழகியதில்லை. நின்றவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே போனார். மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எழுந்தால் இனி ஜென்மத்துக்கும் இந்தப் படி ஏற மாட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரர் போனை மறுபடி வாங்கிப் பார்த்தார். "யோவ், அந்தக் கப்பல் மொதலாளி! டிவில போட்டானே! அவன் அதட்டுனா இங்க நான் எழுந்து நிப்பேன். அது உன் கொரலா?" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி, "எறந்துட்டானா?" என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "மேல சொல்லு சார்."

அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. மர ஆலைக் கூலிக்காரருக்குப் பிறந்தது, பதினாறு வயதில் நாடகக் கொட்டகையில் விளக்குத் தூக்கியது, தபால்காரன், குடிகாரன், பிணம் என்று முப்பது வருஷம் துண்டு வேஷம் கட்டியது, ஐம்பதுக்கு மேல் ஒரு அமெரிக்கப் படத்தில் வில்லனாகி உலகத்துக்குத் தெரிந்தது.

"ஐம்பதுக்கு மேலயா? அப்ப எனக்கும் டைம் கீது" என்றார் பாய்.

"சொத்து இன்னா தேறும்?" துக்க வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நெட்டில் ஆளுக்கொரு கோடிக் கணக்கு எழுதியிருந்தார்கள், நான் எதையும் நம்பியதில்லை. பட்டணத்தில் ஒரு வீடு, கடலுக்குள் ஒரு தீவில் மரவீடு, ஒரு படகு, கொஞ்சம் காடு என்றேன். இரண்டு மனைவி என்பதையும் சொன்னேன்.

"காட்ட எப்பிடி பாகம் பிரிப்பாங்க? வரப்பு கூட இருக்காதே" என்று கவலைப்பட்டார் எதிர்வீட்டுக்காரர். "ரெண்டு தாரம் வேறயா? அப்ப கேஸுதான். அரைக்காணிக்கே நானும் எங்கண்ணனும் பாண்டி கோர்ட்டுக்கு நடந்துகினு கீறோம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். என் வீட்டில் அத்தனை பேர் சிரித்து நான் கேட்டதில்லை. சாவு வீட்டில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று உறுத்தலாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பாய் என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். கடைசியாக அந்தம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டாள். நான் வாசல் வரை வந்து, "போய்ட்டு வாங்க" என்றேன்.

அவள் பதறித் திரும்பினாள். "அய்யய்யோ, இன்னாண்ணா நீ! சாவு வூட்ல அத்தச் சொல்லக்கூடாது. நாங்களும் வரேன்னு சொல்லக்கூடாது. அப்பிடியே போய்டணும்."

எனக்கும் தெரிந்ததுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் வரேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி. எனக்கோ அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. கேட்டு வாங்க வழியும் இருந்தது. 'இது சாவு வீடு இல்லம்மா, அவர் எனக்கு யாருமில்லை' என்று சொன்னால் போதும். சிரித்துக்கொண்டே "வரேண்ணா" என்றிருப்பாள்.

வாய் வரை வந்தது. இருபது வருஷம் அவர் மூச்சை விட்டவனுக்கு, அவரை யாருமில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் தெருவைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.