மச்சானை ‘ஐயா’ என்று கும்பிட்ட பின்னேரம்

எனக்குச் சிறுநீரகம் தந்தது என் அக்கா. ஒபரேஷன் முடிந்த கையோடு அது வேலையைத் தொடங்கிவிட்டது. எந்த வேலையிலும் முதல் நாளே உருப்படியாக எதுவும் செய்திராத எனக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. டொக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். தெம்பு வரட்டும் என்று என் மனைவி கண்டி ஆஸ்பத்திரி வாட்டுக்கு முட்டையும் கோழி சூப்புமாகக் கொண்டுவந்து ஊட்டினாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெல்தெனிய பஸ் கிளம்பிவிட்டதா என்று நர்ஸிடம் கேட்டேனாம். சூப்பைச் சட்டைப் பையில் ஊற்றப் பார்த்தேனாம். பக்கத்துக் கட்டில்காரர் தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மனைவியும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆயுசு முழுக்கக் கோமாளித்தனம் பண்ணியவனுக்கு மூளை குழம்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பின்னேரம் கலஹாவிலிருந்து அக்காவின் கணவர் வந்தார். எங்கள் பக்கத்தில் மச்சான்மார் சந்தித்தால் முதலில் ஒருவரை ஒருவர் வாரிவிட்டு, பிறகுதான் சுகம் விசாரிப்பார்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு ஆரம்பித்தார்.

“இது எங்க வூட்டுக் கிட்னி மாப்ள. கொஞ்சம் மரியாதையா ஒண்ணுக்குப் போ.”

நான் கைகூப்பினேன். “சரிங்க ஐயா.”

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மச்சான் என் மூக்கைப் பற்றி இன்னொன்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கும் ஒரு கும்பிடு.

“சிரிக்காதம்மா,” என்றாராம் மனைவியிடம். “கல்யாணம் கட்டுன நாள்லருந்து இவன் எனக்கு மரியாத குடுத்ததே இல்ல. இவனுக்கு என்னமோ ஆயிருச்சு.”

களைப்பாக இருக்கும் என்றார் நர்ஸ். மச்சான் கேட்கவில்லை. டொக்டர் வரும்வரை வாசலை விட்டு அசையவில்லை. வந்த டொக்டர், பஸ்ஸை மறிப்பதுபோல் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நீட்டிய கைகள் சிறகடிப்பதுபோல் துடித்தன. டொக்டரின் முகம் மாறியது. என் இரத்தத்தை எடுத்து, ஐஸில் வைத்து, ஆய்வுகூடத்துக்கு ஒருவர் ஓடினார். முடிவு வருவதற்குள் எனக்கு வலிப்பு வந்துவிட்டது.

கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். இனித் தேவையில்லை என்று கும்பிடு போட்டிருந்த டயாலிசிஸ் இயந்திரம் மறுபடி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் இரத்தத்தில் அம்மோனியா ஏறிவிட்டதாம். பொதுக் கழிப்பறையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்த வைக்குமே, அதே சரக்கு. அது என் மண்டைக்குள் போயிருக்கிறது என்றதும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அக்காவின் சிறுநீரகம் கொஞ்சமும் பிசகவில்லை. உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகள் என் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்தன. அந்தச் சந்தில் நுழைந்த ஒரு பொடிக் கிருமி உள்ளே அம்மோனியாவை உற்பத்தி செய்துகொண்டிருந்ததாம். அரிதாகத்தான் இப்படி வரும், வந்தால் ஆளையே கொண்டுபோகும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாங்களும் கையை விரித்திருப்போம் என்றார் டொக்டர். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். முட்டையும் கோழியும் அம்மோனியாவைக் கூட்டும், அது இறங்கும்வரை கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவள் வெறும் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள்.

இப்போது வீட்டில் நான் ஏதாவது பகிடி விட்டால் யாரும் உடனே சிரிப்பதில்லை. மனைவி என் கண்ணை உற்றுப் பார்த்து, “இன்னைக்கு என்ன கெழம? கைய நீட்டுங்க பாப்போம்,” என்கிறாள். நான் கிழமையைச் சொல்லி, கையையும் நீட்டிக் காட்டுகிறேன். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பின்னேரத்தில் எனக்கு ஞாபகமிருப்பது ஒன்றே ஒன்றுதான். கட்டிலில் உட்கார்ந்து, இன்றைக்கு நான் எவ்வளவு தெளிவாக இருக்கிறேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.